குளிரக் குளிர ஏறிய வேகம்

சாத்தூரில் முத்தாலம்மன் கோயிலுக்குப் பின்னால் சேவுக்கடைத் தெரு என்று ஒரு தெரு இருந்தது. அங்கே தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, காளிராஜ் டிஜிட்டல் ஸ்டூடியோவின் உள்ளறையில் உட்கார்ந்து காளிராஜ் தன் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்தான், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட விட்டான். செய்த நிமிஷத்திலிருந்து, அந்த நேரத்தில் தெருவுக்குள் இருந்த அத்தனை பேருடைய உடம்பும் அந்தக் கார்டின் வேகத்துக்கு ஓட ஆரம்பித்தது. ஏன் என்று கேட்கக் கூடாது. தெருக்காரர்களே கேட்கவில்லை, அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

காளிராஜ் கல்யாண வீடியோ எடுக்கிறவன். மாப்பிள்ளையையும் பெண்ணையும் பனிமலைக்கு நடுவே பறக்க விடுவதிலும், தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழுந்து வர வைப்பதிலும் அந்த வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் பிடித்த படத்தில் பனியையும் தாமரையையும் சேர்த்து முழுசாக வெளியே எடுப்பதற்குள் கம்ப்யூட்டர் நாள்கணக்கில் முக்கும், முனகும், பெண் வீட்டார் போன் மேல் போன் போட்டுத் திட்டுவார்கள். அதனால் மூன்று விசிறி வைத்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி மாட்டினான்; மாட்டியது போதாதென்று, திரையில் தெரிந்த கோட்டில் இருந்த குமிழை வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போய், படம் உடைகிற இடம் வந்ததும் ஒரு எட்டு பின்னால் வந்து நிறுத்தினான். அவன் மனைவி பொன்லட்சுமி, ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறவள், அன்றைக்கு எட்டயபுரத்தில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடம் இருந்ததால் மகள் கனிஷ்காவை அப்பாவோடு விட்டுவிட்டுப் போயிருந்தாள். கனிஷ்கா அப்போது ஒன்றாம் வகுப்பு, ஆனியில் இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டியவள்.

மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. காலையில் மழமழவென்று சவரம் செய்துகொண்டு போன வாத்தியார் சாப்பாட்டுக்கு வரும்போது முகமெல்லாம் முள்ளாக வந்தார். பெண்கள் வெட்டி முடித்த நகத்தை மறுபடியும் உட்கார்ந்து வெட்டினார்கள். மாசி பிறப்பதற்குள் பிள்ளைகளின் யூனிபார்ம் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஏழு மாதம் என்று டாக்டர் சொன்ன கர்ப்பிணி அடுத்த வாரமே ஒரு குறையும் இல்லாத நிறைமாதப் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வந்தாள், அந்தப் பிள்ளை பெயர் வைப்பதற்கு முன்னால் தவழ்ந்தது. டெய்லர் எல்லா உடுப்புக்கும் உள்ளே ஒரு முழம் துணியை மடித்து வைத்துத் தைத்தார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மீசை அரும்பியபோது டீச்சர் அவனைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினாரே தவிர, வாய்ப்பாடு ஒப்பிக்காமல் விடவில்லை. கல்யாணத் தரகர்கள் தெருவுக்குள் தலைகாட்ட ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பொறாமைப்பட்டார்கள், அப்புறம் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கார்டுதான் காரணம் என்று தெரிந்தது, மாதாமாதம் வருகிற பகல்நேரக் கரண்ட் கட் அன்றைக்கு. அந்தத் தை வெள்ளியிலிருந்து இராப்பகலாக அணையாமல் படம் செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டரின் பேட்டரி கொஞ்ச நேரம் கீச்சிட்டுப் பார்த்துவிட்டு அடங்கியது. அது அடங்கியதும் தெரு நின்றது. நடந்துகொண்டிருந்தவர்கள் நடந்த இடத்திலேயே சரிந்தார்கள், குழாயடியில் குடம் நிரம்பி வழிய வழியப் பெண்கள் அதன் பக்கத்தில் கிடந்தார்கள், கனிஷ்கா கையில் பென்சிலோடு வாசற்படியில் சாய்ந்துவிட்டாள், அவள் மூக்கில் கை வைத்தால் காற்று இல்லை. தெரு முழுக்க நின்றுகொண்டிருந்தவள் பொன்லட்சுமி ஒருத்திதான், அந்த வெள்ளிக்கிழமை அவள்தான் ஊரில் இல்லையே. மகளைத் தூக்கி உலுக்கினாள், கத்தினாள், உள்ளே ஓடிக் காளிராஜைப் பார்த்தாள், அவன் தலை அணைந்துபோன திரைக்கு முன்னால் கவிழ்ந்திருந்ததைப் பார்த்தாள், என்ன புரிந்ததோ, பக்கத்துத் தெரு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கோயில் ஜெனரேட்டரை இழுத்துவந்து ஸ்டூடியோவுக்கு ஒயர் கொடுத்தாள். மூன்று விசிறியும் சுழல ஆரம்பித்ததும் தெரு எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, விட்ட பேச்சை விட்ட இடத்திலிருந்து பேசியது. டெய்லருடைய அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து கார்டை நிறுத்தக் கூடாது என்பது தெருவின் சட்டம். இன்வெர்ட்டர் வந்தது, அதற்குத் துணையாக இன்னொரு இன்வெர்ட்டர் வந்தது, கோயில் ஜெனரேட்டர் ஸ்டூடியோ வாசலுக்கே குடிவந்தது. பூசாரி குருவையா உள்ளறைக்குள் வந்து, கார்டின் ஓரத்தில் எரிந்த சிவப்பு விளக்கை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது ஆத்தாதான்" என்று சொன்னார், சொன்னதும் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. ஆத்தா என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். எலுமிச்சம்பழம் வந்தது, வேப்பிலை வந்தது. விபூதி மட்டும் வேண்டாம், தூசி போனால் விசிறி கெட்டுவிடும் என்று காளிராஜ் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

தெருவிலேயே மூத்தவள் சீனியம்மாள், காளிராஜுக்குப் பெரியம்மா. அவள் ஒரு நாள் வந்து, "ஏலே, நீதான ஏத்துன, எறக்கி விடுறா" என்றாள்.

"எறக்கிட்டேன் பெரியம்மா. நான் ஏத்துனது முச்சூடும் எடுத்துட்டேன். இந்தா பாரு, சைபர்ல நிக்கிது."

அவன் சொன்னது உண்மை. குமிழ் பழைய இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருந்தார்கள். கார்டுக்கு அடிவேகம் என்று ஒன்று உண்டு, செய்தவர்கள் உறுதி சொல்வது அதற்கு மட்டும்தான். அதற்கு மேலே எவ்வளவு ஓடுவது என்பதைக் கார்டே தீர்மானிக்கும்: நொடிக்கு நொடி தன் சூட்டைப் பார்க்கும், தனக்கு வருகிற மின்சாரத்தைப் பார்க்கும், இரண்டிலும் இன்னும் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் யாரையும் கேட்காமல் ஒரு படி ஏறும், இன்னும் இடம் இருந்தால் இன்னொரு படி, சூடு கூடக் கூட அதே படிகளில் ஒவ்வொன்றாக இறங்கும். பூஸ்ட் என்று அதற்குப் பெயர். காளிராஜ் தள்ளிய குமிழ் அந்த ஏணியைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான். குமிழை எடுத்த பிறகும் ஏணி இருந்தது. காளிராஜுக்கு இதெல்லாம் அரைகுறையாகத் தெரியும், அரைகுறையாகத் தெரிந்ததால் பயம் மட்டும் முழுசாக இருந்தது.

பங்குனிப் பொங்கலுக்குத் தெரு சேர்ந்து ஆத்தாளைக் குளிர்வித்தது. அம்மை போட்டாலும் மழை பொய்த்தாலும் அந்த ஊருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்: ஆத்தாளுக்குச் சூடு ஏறிவிட்டது, இறக்கினால் சரியாகும். கூழ் ஊற்றினார்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், இளநீர் வெட்டி ஊற்றினார்கள், உள்ளறை வாசலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார்கள். பத்துப் பதினைந்து நாளில் பிள்ளைகளின் வளர்ச்சி மட்டுப்பட்டது. மட்டுப்படாமல் என்ன செய்யும்? சித்திரை பிறந்தால் சாத்தூரில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டும்; தகரக் கூரைக்குக் கீழே கிடந்த கார்டு கொதித்துக் கொதித்து, படிப்படியாக இறங்கி, அடிவேகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. வெயிலுக்கு யார் நன்றி சொல்வார்கள்? ஆத்தா குளுந்துட்டா என்று தெரு கையெடுத்துக் கும்பிட்டது, குருவையாவுக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தது. காளிராஜ் தன் பங்குக்கு, இந்தச் சூட்டில் கார்டு கருகி ஒரேடியாக நின்றுவிட்டால் என்ன ஆவது என்று நடுங்கி, உள்ளறைக்கு ஏசி மாட்டினான்.

வெயில் இருந்த வரைக்கும் அந்த ஏசியால் தகரக் கூரையை ஜெயிக்க முடியவில்லை. ஐப்பசி மழை இறங்கியதும் தெரு மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

பொன்லட்சுமி மட்டும்தான் இதையெல்லாம் வெளியே நின்று பார்த்தவள். அவள் உடம்பு நாட்காட்டிப்படி ஓடியது. பகல் முழுக்கக் கார்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆல்பம் செய்துகொண்டிருந்தவளுக்கு, திரை மூலையில் ஓடிய இரண்டு எண்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன: ஒன்று சூடு, ஒன்று வேகம். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறியது. அப்புறம் தெருவைக் கவனித்தாள். சீனியம்மாள் ஒரு நரைமுடி கூடக் கூடாமல் அப்படியே இருந்தாள், சர்க்கரை வியாதிக்காரர்களும் மூட்டுவலிக்காரர்களும் அப்படியே இருந்தார்கள். கார்டு வேகத்தைக் கொடுத்தது, ஆனால் வாங்கிக்கொள்ள உடம்பில் இடம் வேண்டும், அவர்களுக்கு இடம் இல்லை. ஆரோக்கியமான பிள்ளைகள்தான் கிடுகிடுவென்று ஏறினார்கள். அந்தப் பிள்ளைகளிலும் சேவுக்கடை பால்ச்சாமியின் கைக்குழந்தை, எண்ணெய் கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் தொட்டிலில் வேர்த்துக்கொண்டே கிடந்தது, ஊர் உலகத்துப் பிள்ளைகளைப் போலச் சாதாரணமாக வளர்ந்தது. கனிஷ்கா ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள், அந்த வாரம் அவள் பாவாடை குட்டையாகவில்லை. சூடான கார்டைப் போலவே சூடான உடம்பும் ஏறுவதில்லை என்று பொன்லட்சுமி கண்டுகொண்டாள். மகளுக்குக் காய்ச்சல் விட்டதற்காக அழுத தாய் அந்தத் தெருவில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"ஏங்க, இந்த ஏசிய அமத்துங்க" என்றாள்.

"அமத்துனா கார்டு சூடாயிரும்" என்றான் காளிராஜ்.

"ஆகட்டும். சூடானாத்தான் எறங்குது. நானும் இந்த மூலையில ஓடுற நம்பரத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்க ஏத்தல, அது தானா ஏறுது. குளிர்ச்சியக் கண்டா ஏறுது."

"எறங்கி எறங்கி நின்னுபோச்சுன்னா?"

"நிக்காதுங்க. தன்னக் காப்பாத்திக்கிறதுக்குத்தான அது எறங்குது. கருகிப்போற வரைக்கும் அது விடாது."

"உனக்கென்ன, நீ சொல்லுவ. நின்னா போறது நாங்கதான. நீ இதுல இல்லையே."

அவன் கெட்டவன் இல்லை. மகளை அவனும்தான் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தான். ஆனால் பயந்தவனிடம் எந்த நியாயமும் எடுபடாது. பொன்லட்சுமி கனிஷ்காவுக்குக் கம்பளிச் சட்டை போட்டு, அதற்கு மேலே போர்வையைச் சுற்றி, பள்ளிக்கூடம் விட்டதும் சேவுக்கடை அடுப்படியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். பால்ச்சாமி நல்ல மனுஷன், ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு, கைப்பிடி காரச்சேவையும் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். தெரு சிரித்தது. பிள்ளையை எண்ணெயில் போட்டுப் பொரிக்கவில்லையா என்று கேட்டது. கனிஷ்கா வேர்த்து வழிந்து, கன்னமெல்லாம் சிவந்து, அழுது, போர்வையை உதறி, திட்டு வாங்கி, மறுபடி உட்கார்ந்தாள். அவளோடு படித்த பிள்ளைகள் தாவணி போடுகிற உயரத்துக்கு வந்தபோதும் அவள் இரண்டாம் வகுப்புப் பிள்ளையாகவே இருந்தாள். பொன்லட்சுமிக்கு வேண்டியது அது ஒன்றுதான்: தன் பிள்ளை ஒவ்வொரு வயதிலும் ஒரு முழு வருஷம் இருக்க வேண்டும்.

மார்கழி வந்தது. அதிகாலையில் கோலம் போடுகிறவர்கள் வாயிலிருந்து புகை வருகிற அளவுக்கு அந்த வருஷம் குளிர், உள்ளே ஏசி, கார்டுக்குக் கொண்டாட்டம். தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு பையன்களுக்குக் குரல் உடைந்தது, தையில் பிறந்த பையன் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்தது. பொன்லட்சுமி ஒரு மத்தியானம் காளிராஜ் வெளியே போன நேரம் பார்த்து ஏசியை அணைத்தாள், ஜன்னலை அடைத்தாள், கதவிடுக்கில் துணி திணித்தாள். கார்டு சூடாகச் சூடாக வேகம் படிப்படியாக இறங்கியது, அவள் கண்ணாலேயே பார்த்தாள். ஆனால் சூட்டைத் தணிக்க மூன்று விசிறியும் முழு மூச்சில் சுழன்று, சீறி, அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. ஆத்தா சீறுறா என்று சொல்லிக்கொண்டு சனம் ஓடிவந்து கதவை உடைத்தது.

"குளுந்து கெடந்தவளச் சூடேத்தி விட்டிருக்காளே, இந்தப் பாவி" என்று குருவையா தலையில் அடித்துக்கொண்டார். ஏசியைப் போட்டதும் அறை குளிர்ந்தது, விசிறிகள் அடங்கின, சத்தம் நின்றது, எல்லாரும் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்கள். சத்தம் நின்றதும் வேகம் ஏறியது. அதைப் பார்க்க வேண்டுமானால் திரை மூலையைப் பார்க்க வேண்டும், யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கே முடிவாயிற்று. இது கூழுக்கும் இளநீருக்கும் அடங்குகிற கோபம் இல்லை, கன்னி நீராட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார் குருவையா. சின்னப் பெண் ஒருத்தியை ஆத்தாளாக உட்கார வைத்து, ஆத்தாளுக்கு ஊற்றுவதையெல்லாம் அவள் தலையில் குளிரக் குளிர ஊற்றுவது. முன்பு காலரா வந்தபோது செய்ததாம். தெருவில் மணையில் உட்காரத் தோதான சின்னப் பெண்ணாக இன்னும் மிச்சம் இருந்தவள் கனிஷ்கா ஒருத்திதான். அம்மா அவளை அடுப்படியில் உட்கார வைத்துக் காப்பாற்றியதன் பலன் அது.

பொன்லட்சுமி சீனியம்மாளின் காலைப் பிடித்தாள். "அத்த, வேண்டாம் அத்த. குளிர்ச்சிதான் அதுக்குத் தீனி. எம்பிள்ள தலையில ஊத்தாதீக."

"ஏத்தா பொன்னு, குளிர்ச்சி யாரையாவது கெடுத்ததா கேள்விப்பட்டிருக்கியா? எம் பேரம்பேத்திக எல்லாம் கண்ணு முன்னாடி கெழடாகுதுக. நான் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். பாக்க முடியலத்தா." சீனியம்மாள் நிஜமாகவே அழுதாள்.

காளிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கனிஷ்காவோ பட்டுப்பாவாடையைப் பார்த்துவிட்டாள், தலை நிறைய மல்லிகைப்பூவைப் பார்த்துவிட்டாள். "அம்மா, எனக்கு அடுப்பு வேண்டாம்மா, வேர்க்குது. நான் சாமியா உக்காருறேன்" என்று சொல்லிவிட்டு, போர்வையைக் கீழே போட்டு, சீனியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை ஸ்டூடியோ வாசலில் மணைப்பலகை போட்டு அவளை உட்கார வைத்தார்கள். மீன் மார்க்கெட்டிலிருந்து வேனில் வந்த ஐஸ் பாளங்களை உள்ளறையில் கார்டைச் சுற்றி அடுக்கி, ஜன்னலை மூடி, ஏசியை முழுசாக வைத்தார்கள். பொன்லட்சுமி உள்ளே போக முடியாதபடி ஆம்பளைகள் கதவை மறித்து நின்றார்கள். முதல் குடம் மஞ்சள் தண்ணீர், அடுத்தது இளநீர், அடுத்தது மோர், அடுத்தது ஐஸ் கரைந்த தண்ணீர். கனிஷ்கா ஒவ்வொரு குடத்துக்கும் வீல் என்று கத்தி, அப்புறம் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டே சிரித்தாள். உள்ளே விசிறிச் சத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் ஒன்றுமே கேட்கவில்லை, ஆத்தா அடங்கிட்டா என்று கூட்டம் கைதட்டியது. மகளுடைய பாவாடை கணுக்காலிலிருந்து மேலே ஏறுவதைப் பொன்லட்சுமி பார்த்தாள். ரவிக்கைத் தையல் தெறித்தது. பெரியவளாயிட்டா என்று யாரோ சொல்லப் பெண்கள் குலவை போட்டார்கள், ஒருத்தி ஓடிப்போய்த் தன் புதுச் சேலையைக் கொண்டுவந்து போர்த்தினாள், இன்னொருத்தி இவளுக்கு எங்க அக்கா மகன் பொருத்தமாக இருப்பான் என்றாள், அதற்குள் இன்னும் இரண்டு குடம் ஊற்றியிருந்தார்கள். சுற்றி நின்ற பிள்ளைகளைக் கூட்டத்தின் புழுக்கம் காப்பாற்றியது. நடுவில் நனைந்து விறைத்து உட்கார்ந்திருந்த பிள்ளையைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

பொன்லட்சுமி ஸ்டூடியோவை ஒட்டியிருந்த வீட்டின் பின்பக்கம் ஓடி, குளியலறை ஜன்னலில் ஏறிக் குதித்து, அங்கிருந்து உள்ளறைக்குள் நுழைந்தாள். சுவரில் சுவிட்ச் இருந்தது. கை வைத்துவிட்டாள். அழுத்தினால் தெரு நிற்கும். நின்றால் அந்தக் குளிரில் நனைந்து கிடக்கிற பிள்ளை மறுபடி எழுந்திருப்பாளா என்று யாருக்குத் தெரியும், டெய்லருடைய அப்பா எழுந்திருக்கவில்லையே. கையை எடுத்தாள். ஐஸ் பாளங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளியலறைக்குள் எறிந்தாள், விரல் மரத்துப்போய் நகத்தில் ரத்தம் வந்தது, ஏசியை அணைத்தாள், மகளுடைய கம்பளிப் போர்வையை எடுத்து கார்டு இருந்த இரும்புப் பெட்டியின் மேல் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வேகம் இறங்க மறுத்தது, பிறகு ஒரு படி இறங்கியது, பிறகு இன்னொரு படி. விசிறிகள் கூவ ஆரம்பித்ததும் வெளியே கூட்டம் அலறிக்கொண்டு கதவை இடித்தது. கதவுக்கு முன்னால் இந்தத் தடவை காளிராஜ் வந்து நின்றான். அவன் வாசலில் தன் மகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

எண் அடிவேகத்துக்கு வந்த பிறகு பொன்லட்சுமி வெளியே வந்தாள். மணைப்பலகையில் நரைத்த தலையோடு, தோல் சுருங்கிய கிழவி ஒருத்தி, பட்டுப்பாவாடைக் கந்தலையும் யாரோ போர்த்திய சேலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் கையைத் தூக்கினாள். உள்ளங்கையில் பல் இருந்தது.

"அம்மா, பல்லு எல்லாம் விழுந்துருச்சு" என்றாள். "மொளச்சிரும்ல?"

"மொளச்சிரும்டா கண்ணு."

அதற்குப் பிறகு காளிராஜ் உள்ளறையை விட்டு வரவில்லை. ஏசியைக் கழற்றி எறிந்தான், ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான், சட்டை இல்லாமல் வேர்வையில் உட்கார்ந்து சூட்டையும் வேகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தான். தெருப் பிள்ளைகள் ஒழுங்காக, நாட்காட்டிப்படி வளர ஆரம்பித்தார்கள். கன்னி நீராட்டு பலித்துவிட்டது என்று தெரு பேசிக்கொண்டது, விசிறிச் சத்தம் மட்டும் ஏன் நிற்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, அது ஆத்தாளின் சந்தோஷம் என்று குருவையா விளக்கம் சொன்னார்.

கனிஷ்கா தைப்பொங்கல் வரைக்கும் இருக்கவில்லை. அம்மா ஊட்டிய நெய்ச்சோற்றைப் பொக்கை வாயால் மென்றாள், காது மந்தமாகிவிட்டதால் பாடத்தைக் கத்திப் படித்தாள், எழுந்து நடக்க முடியாதபோது ஏன் கால் வலிக்கிறது என்று கேட்டாள். ஒரு நாள் மத்தியானம் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கினாள், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அதற்கும் தெரு தயாராக இருந்தது. இவ்வளவு முதிர்ந்து போகிற உயிருக்கு அழக் கூடாது, அது கல்யாணச் சாவு. கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள், வேட்டு வந்துவிட்டது, சாமந்திப் பூவில் தேர் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் வேண்டுமே என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் இழுபறி, அதற்கும் அவளோடு இரண்டாம் வகுப்பு படித்தவர்களை நிறுத்தலாம் என்று ஒருவர் யோசனை சொல்ல, எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

பொன்லட்சுமி வாசலுக்கு வந்தாள். "தேரப் பிரிங்க" என்றாள்.

"ஏத்தா, ஆண்டு அனுபவிச்சுப் போற கட்டைக்குச் செய்ய வேண்டியதச் செய்யணும்ல" என்றாள் சீனியம்மாள்.

"எதத்தான் ஆண்டு அனுபவிச்சா? அவ ரெண்டாங்கிளாஸ் படிக்கா."

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடை கிடையாது, கொட்டு கிடையாது, எரிப்பதும் கிடையாது. கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைப்பதுதான் வழக்கம். அந்த வழக்கம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவர் கூட முன்னால் வந்து கையை நீட்டவில்லை, அந்த நரைத்த தலையையும் நீண்ட காலையும் பிள்ளை என்று சொல்லித் தூக்க யாருக்கும் மனம் துணியவில்லை. காளிராஜ் வரப் பார்த்தான்; அவன் எழுந்தால் கார்டை யார் பார்ப்பது, மற்ற பிள்ளைகள் இருக்கிறார்களே என்று பொன்லட்சுமியே அவனை உட்காரச் சொன்னாள். பொம்பளைகள் மயானத்துக்கு வரக் கூடாது என்று குருவையா ஆரம்பித்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் குனிந்து மகளை இரண்டு கையாலும் வாரி எடுத்தாள்.

வைப்பாற்றங்கரை வரைக்கும் கடைவீதி வழியாகத்தான் போக வேண்டும். மார்கழி வெயிலில் அவள் நடந்து போனாள், பிள்ளையின் பாதங்கள் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தன. சேவுக்கடைத் தெருவின் கதை தெரியாத வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். பெற்ற தாயை இப்படிக் கையிலேயே சுமந்து கரைசேர்க்கிற மகளை எங்கே பார்க்க முடியும், இந்தக் காலத்தில் இப்படி ஒரு புண்ணியவதியா என்று சொல்லிக்கொண்டு, வழியெல்லாம் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பொன்லட்சுமி நிற்கவில்லை. நழுவிய பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.